வரிசையில் இருபத்தேழாவது

ஸ்கெல்விக்
6 பிப்ரவரி 2017

கவுன்சிலர் திருமதி ஜானிஸ் விட்டம் அவர்களுக்கு,

ஒன்பது வருடமாக நாம் பேசிக்கொள்ளவில்லை. அதனால் கூடப்பிறந்த தங்கைக்கு எழுதுவதாக நினைக்க வேண்டாம். மாவட்ட கவுன்சிலின் சுகாதாரக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைவர் யாரோ, அவருக்கு எழுதுகிறேன். அது நீங்களாக இருப்பது என் குற்றமல்ல.

என் மனைவி நோரீனுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் இடது காலில், சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு புண். காசு அளவுதான். எங்கள் ஊர் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குப் போன் செய்ய வேண்டும். செய்தேன். "நீங்கள் வரிசையில் இருபத்தேழாவது" என்றது ஒரு குரல். நாற்பது நிமிடம் பியானோ வாசித்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து, "சாரி, இன்னைக்கு இடமெல்லாம் முடிஞ்சு போச்சு, நாளைக்கு எட்டு மணிக்குப் பண்ணுங்க" என்றாள். மறுநாளும் அதே. கிளினிக் திறந்திருந்த பதினோரு நாள் காலையில் போன் செய்தேன். நேரிலும் போனேன். "போன்லதான் பதிவு" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டினார்கள்.

பன்னிரண்டாம் நாள் நோரீனுக்குக் குளிர் ஜுரம். பாதம் கறுத்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஆர்ம்பரி பெரிய ஆஸ்பத்திரிக்கு நாற்பது மைல். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எங்கள் ஊரிலேயே பதினெட்டுப் படுக்கை கொண்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அதன் சமையலறையில் நோரீன் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். அதை மூடலாம் என்று 2008இல் கை தூக்கியவர்களில் நீங்களும் ஒருவர்.

அனுதாபம் வேண்டாம். என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் எழுதவும். போன் செய்ய வேண்டாம். எனக்குப் போன் என்றாலே வெறுத்துவிட்டது.

நெவில் பாட்டர்ஷா

*

ஆர்ம்பரி
10 பிப்ரவரி 2017

அன்புள்ள அண்ணா,

நீ எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு. நான் அண்ணா என்றுதான் எழுதுவேன்.

ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து ஒன்றரை மைல். அண்ணி மூன்று வாரமாக அங்கே படுத்திருக்கிறாள். நான் தினமும் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் கடைக்குப் போய்வருகிறேன். உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் போய்ப் பார்க்கலாமா? நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன். இல்லை, பொய் சொல்கிறேன், நீ வேண்டாம் என்றாலும் போவேன். ஆனால் கேட்டுவிட்டுப் போகிறேன்.

இனி கவுன்சிலர் பேசுகிறேன். எங்கள் குழுவால் ஒரு ஆளுடைய புகாரை விசாரிக்க முடியாது. அதுவும் என் அண்ணியுடைய விஷயம் என்றால், எனக்குச் சொந்த சம்பந்தம் உண்டென்று அறிவித்துவிட்டு நான் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, அறையை விட்டே வெளியே போக வேண்டும். சட்டம் அப்படி.

தப்பித்துக்கொள்கிறேன் என்று நினைப்பாய். ஆனால் எங்களால் முடிவது ஒன்று உண்டு. ஊர் முழுவதற்கும் நடப்பதை ஆஸ்பத்திரியையும் சுகாதார வாரியத்தையும் கூப்பிட்டு வைத்துக் கேட்கலாம். பதில் சொல்லியே ஆக வேண்டும். திருப்தி இல்லையென்றால் சுகாதார அமைச்சருக்கே அனுப்பலாம். அதற்கு எனக்கு ஒரு கதை போதாது. ஸ்கெல்விக்கிலிருந்து அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் குடும்ப டாக்டரைப் பார்க்க முயன்று முடியாமல் போனவர்கள்? ஆஸ்பத்திரியைக் கேட்டேன். "அதையெல்லாம் நாங்க எழுதி வைக்கறதில்லையே" என்கிறார்கள்.

எழுதி வைக்க வைப்பேன்.

ஜானிஸ்

*

ஸ்கெல்விக்
14 பிப்ரவரி 2017

ஜானிஸ்,

ஒரு கால் போதாது, இன்னும் நூறு கால் வேண்டும் என்கிறாய். கவுன்சிலில் உட்கார்ந்தால் மனிதர்கள் இப்படித்தான் ஆவார்கள் போலிருக்கிறது. உன் கடிதத்தை நோரீனுக்கு வாசித்துக் காட்டினேன், அவளும் திட்டுவாள் என்று. அவளோ, "அவ சொல்றதுல என்ன தப்பு? நீ முப்பத்தொம்போது வருஷம் பஸ் ஓட்டினவன். ஒரே ஒருத்தர் கேட்டாருன்னு புது ஸ்டாப் போட்டாங்களா?" என்றாள். மருந்து மயக்கம் என்று நினைத்தேன். மயக்கமில்லை.

நீ வரலாமாம். செவ்வாய்க்கிழமை வா. நான் வியாழக்கிழமைதான் வருவேன், அதனால் செவ்வாய்க்கிழமை வா.

ஆட்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுது. ஊரில் எனக்குத் தெரியாத முகம் கிடையாது. ஒன்று, என் பஸ்ஸில் ஏறியவர்கள். இல்லை, நான் நிறுத்தாமல் போனவர்கள்.

நெவில்

*

ஆர்ம்பரி
23 பிப்ரவரி 2017

அன்புள்ள அண்ணா,

அண்ணியைப் பார்த்தேன். என்ன சொல்வது என்று வாசலிலேயே நின்றேன். "உள்ள வா ஜானிஸ், ஒத்தக் கால்ல ஓடி வந்து அடிக்கவா போறேன்" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றி அரை மணி நேரம் திட்டினாள். உருளைக்கிழங்கை இப்படி மசிக்கிறவன் கையை உடைக்க வேண்டுமாம்.

ஒன்று மட்டும் சொன்னாள். "நெவில் தினமும் எட்டு மணிக்குப் போனைக் காதுல வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கத்துல நிப்பான். பதினோரு நாள். தன்னாலதான் போச்சுன்னு நினைக்கறான். முதல் நாளே கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கணுமாம். அவன்கிட்டச் சொல்லு, நான்தான் வேண்டாம்னேன்." சொல்லிவிட்டேன்.

கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள்: எந்தத் தேதியில் டாக்டரைப் பார்க்க முயன்றீர்கள், என்ன பதில் வந்தது, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தீர்கள். என்ன வியாதி என்று கேட்காதே. சொன்னாலும் எழுதாதே. கையெழுத்து வாங்கு.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் பொறுப்பாளரைச் சந்தித்தேன். "மேடம், எங்க நர்ஸுங்களுக்குத் தண்ணி குடிக்கவே நேரமில்ல" என்றார். "வயசு, விலாசம், மதம் எல்லாம் கேக்கறீங்க. இது ஒரு கேள்வி. நாலு வாரம்" என்றேன். எழுத்தில் கேட்டால் மறுக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மார்ச் முதல் தேதியிலிருந்து கேட்பார்கள்.

கெட்ட செய்தி ஒன்று. உங்கள் கிளினிக்கையே மூடிவிட்டு, பதினான்கு மைல் தள்ளி இருக்கும் கிளினிக்கோடு சேர்த்துவிட வாரியம் திட்டம் வைத்திருக்கிறது. ஏப்ரல் 26 எங்கள் குழுவுக்கு வருகிறது. அன்று நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜூலையில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

ஜானிஸ்

*

ஸ்கெல்விக்
20 மார்ச் 2017

ஜானிஸ்,

நூற்று அறுபத்து மூன்று பேர், எல்லாம் கையெழுத்தோடு. கட்டு தனியாக வருகிறது.

லாண்டரி கடை நடத்துகிற பாலின் டிரிங்கெல், மெஷினில் துணி சுற்றுகிற நேரத்தில் எல்லோரையும் பிடித்துக்கொடுத்தாள். மெஷினில் துணி போட்டவர்கள் ஓட முடியாது அல்லவா? வறுத்த மீன் கடை வரிசையிலும், பிங்கோ ஆட்டத்தின் இடைவேளையிலும் கேட்டேன். பிங்கோவில் ஒரு அம்மாள், "டாக்டரைப் பாக்கறதைவிட இதுல நம்பர் விழறது சுலபம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து என் மேஜைக்கு வந்தார்கள். மூச்சு வாங்குகிற ஒரு ஆள் ஒன்பது நாள் போன் செய்துவிட்டு நுரையீரல் சளியோடு ஆர்ம்பரிக்கு வந்திருக்கிறான். நான் மட்டும்தான் முட்டாள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு கிளினிக்குக்குப் போனேன். டாக்டரை நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று. மத்தியானம் ஒன்றரை மணி. வரவேற்பில் யாருமில்லை, உள்ளே நுழைந்துவிட்டேன். டாக்டர் அடேயெமி, முப்பத்தைந்து வயதிருக்கும், ஒரு கையில் சாண்ட்விச், இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பொண்டாட்டி காலை எடுத்துட்டாங்க" என்றேன்.

சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "தெரியும் மிஸ்டர் பாட்டர்ஷா. ஆஸ்பத்திரிக் கடிதம் வந்த அன்னைக்கு நான் வீட்டுக்குப் போகல. கார்லயே உக்காந்திருந்தேன்."

நான் தயார் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. மூன்று டாக்டர் இருந்த இடமாம். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் ஆஸ்திரேலியா போய்விட்டார். ஐயாயிரத்து எண்ணூறு பேருக்கு இவள் ஒருத்தி. "தற்காலிக டாக்டர் கேட்டு நானும் தினமும் காலைல போன் பண்றேன். எனக்கும் பாட்டுதான் போடறாங்க" என்றாள்.

திட்ட வந்தவன் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். 26ஆம் தேதி வந்து பேசுகிறாளாம். பேசினால் வாரியத்துக்குப் பிடிக்காது என்று அவளே சொன்னாள்.

நோரீன் சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள். சக்கர நாற்காலி சமையலறைக் கதவில் நுழையவில்லை. கதவைக் கழற்றிவிட்டேன்.

நெவில்

*

ஆர்ம்பரி
4 ஏப்ரல் 2017

அன்புள்ள அண்ணா,

ஆஸ்பத்திரிக் கணக்கு வந்துவிட்டது. மார்ச்சில் நாலு வாரத்தில் ஸ்கெல்விக்கிலிருந்து அவசரமாகப் படுக்கையில் சேர்க்கப்பட்டவர்கள் எண்பத்தெட்டு. அவர்களில், சேர்வதற்கு முந்தைய வாரத்தில் குடும்ப டாக்டரைப் பார்க்க முயன்று முடியாதவர்கள் ஐம்பத்தொன்று. அந்தப் பொறுப்பாளரே போன் செய்து, "நாங்க முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார்.

இன்னொன்றையும் தோண்டி எடுத்தேன். 2008 கூட்டத்தின் குறிப்பு. உனக்கு இதை நேரில் சொல்ல எனக்கு ஒன்பது வருடமாக முடியவில்லை, எழுத்தில் சொல்கிறேன். அன்று உங்கள் ஆஸ்பத்திரியை மூடினால் அதற்கு ஈடாக ஸ்கெல்விக்கில் எப்போதும் ஐந்து குடும்ப டாக்டர்கள் இருப்பார்கள், பாதப் பராமரிப்புக்கு ஒரு நர்ஸ் இருப்பாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்பித்தான் கை தூக்கினேன். நம்பியது தப்பில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட, "எங்கே அந்த ஐந்து பேர்?" என்று கேட்கவில்லை. கேட்பதுதான் என் வேலை, வேறொன்றுமில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் பிஸ்கட் தின்றுகொண்டு அறிக்கைகளைக் குறித்துக்கொண்டேன். நீ வாசலில் பதாகை பிடித்து மழையில் நின்றது எனக்குத் தெரியும். பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனேன்.

இந்தக் காகிதத்தை வெளியே எடுக்க வேண்டாம் என்று என் கட்சித் தலைவர் சொல்லிவிட்டார். "அதுல உன் பேரும் இருக்கு ஜானிஸ்" என்றார். இருக்கிறது, அதனால்தான் எடுக்கிறேன்.

26ஆம் தேதி நான் தலைவராக உட்காரப் போவதில்லை. என் அண்ணியின் விஷயமும் என் பழைய ஓட்டும் இதில் இருக்கும்போது நான் நடுவர் போல உட்கார்ந்தால், வாரியத்தின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு முழு முடிவையும் உடைத்துவிடுவார். பொதுமக்களுக்குக் கொடுக்கிற மூன்று நிமிடத்தில் பேசிவிட்டு வெளியே போகிறேன். துணைத்தலைவர் டிரெவர் கெட்லிங் நடத்துவார்.

ஜானிஸ்

*

ஸ்கெல்விக்
7 ஏப்ரல் 2017

ஜானிஸ்,

கெட்லிங்கா? போன வருடம் எங்கள் ஊர்க் கண்காட்சியைத் திறந்து வைக்க வந்து, ரிப்பனை வெட்டலாமா வேண்டாமா என்று யோசித்த ஆள். அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே போகிறேன் என்கிறாய். மறுபடியும் பக்கவாட்டுக் கதவா?

நோரீன் இதை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன். அடித்துவிட்டு வேறு காகிதம் எடுக்கவும் மனமில்லை.

பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனேன் என்று நீயாகச் சொன்னாயே, அதை நாலு தடவை படித்தேன்.

26ஆம் தேதிக்குக் கோச் பஸ் ஏற்பாடு செய்துவிட்டேன். நாற்பத்தொன்பது சீட், எல்லாம் நிரம்பிவிட்டன.

நெவில்

*

ஸ்கெல்விக்
27 ஏப்ரல் 2017

ஜானிஸ்,

நீ பேசிவிட்டு வெளியே போன பிறகு உள்ளே என்ன நடந்தது என்று உனக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீ எழுந்து, "அந்த 2008 குறிப்புல அஞ்சாவதா இருக்கற பேரு என்னுது. நான் ஓட்டுப் போட்டேன், அப்புறம் திரும்பிப் பாக்கல. அதுக்கான விலையை ஸ்கெல்விக் மக்கள் குடுத்திருக்காங்க" என்றபோது பாலின் டிரிங்கெல் என் முழங்கையை இடித்தாள். நீ கதவைச் சாத்திக்கொண்டு போனாய். கதவில் சின்னக் கண்ணாடி இருக்கிறதல்லவா, அதன் வழியே தெரிந்தாய். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கிற மாதிரி.

டாக்டர் அடேயெமி பேசினாள். ஐயாயிரத்து எண்ணூறு பேருக்குத் தான் ஒருத்திதான் என்றாள். வாரியத்து ஆள் எழுந்தான். நல்ல கோட். ஐந்து டாக்டர் என்பது வாக்குறுதி அல்லவாம், ஓர் எண்ணமாம். நாடு முழுக்க டாக்டர் இல்லாதபோது ஸ்கெல்விக்குக்கு மட்டும் எங்கிருந்து கொண்டுவருவது என்றான். அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக இருக்கிற கதவையும் சாத்துவதா?

கெட்லிங் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாக் கருத்துகளையும் குழு நன்றியோடு குறித்துக்கொள்கிறது, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றான். முடிந்தது என்று நினைத்தேன். நீ போட்ட உழைப்பு, நூற்று அறுபத்து மூன்று கையெழுத்து, எல்லாம் அந்த ஒரு "குறித்துக்கொள்கிறது"வில் போயிற்று.

அப்போது நோரீன் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடைபாதையின் நடுவுக்கு வந்துவிட்டாள். நான் பிடிப்பதற்குள் போய்விட்டாள்.

"நீங்க குறிச்சுக்கிட்டா என் கால் திரும்ப வளருமா, மிஸ்டர் கெட்லிங்?"

"மேடம், பொதுமக்கள் நேரம் முடிஞ்சிடுச்சு..."

"எனக்குப் பதினோரு நாள் காலைல இதையேதான் சொன்னாங்க."

அவன் அவளைப் பார்த்தான். முதல் தடவையாகப் போர்வைக்குக் கீழே பார்த்தான். பேனாவை மூடி வைத்தான். அவன் மனைவிக்கும் சர்க்கரை என்று பிறகு தெரிந்தது. "நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்" என்றான். அந்த ரிப்பன்காரன்தான். "கிளினிக்கை மூடுவதை எதிர்க்கிறோம். வாரியம் பின்வாங்காவிட்டால் அமைச்சருக்கு அனுப்புகிறோம். போன் இல்லாமல் நேரில் வருகிறவர்களுக்குத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பாதத்துக்கு நர்ஸும் இன்னும் இரண்டு டாக்டர்களும் வேண்டும்" என்று அவனே முன்மொழிந்தான். ஒன்பது பேர் ஆம், இரண்டு பேர் இல்லை. நீ அறையில் இல்லாததால் வாரியத்தின் வக்கீல் வாயைத் திறக்க ஒன்றுமில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நீ ஏன் வெளியே போனாய் என்று எனக்கு உறைத்தது. போன கடிதத்தில் எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்.

முடிந்ததும் உன்னிடம் வந்திருக்க வேண்டும். கோச் டிரைவரின் நேரம் என்று ஒரு காரணம் தயாராக இருக்கிறது. அது காரணமல்ல. நீ அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, யார் முகத்தையும் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. நோரீன் உட்கார்ந்தபடியே ரோஸ்ட் செய்யப் பழகிவிட்டாள்.

அண்ணன்

*

ஆர்ம்பரி
16 ஜூன் 2017

அன்புள்ள அண்ணா,

மூன்று செய்திகள்.

மே மாத ஆண்டுக் கூட்டத்தில் என்னைத் தலைவர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கட்சிக்குள் நன்றாகச் சிரித்துக்கொண்டே செய்தார்கள். கெட்லிங்தான் இப்போது தலைவர். நான் சாதாரண உறுப்பினர். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மேஜையில் இதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை, வருத்தப்படுவாள் என்று.

இரண்டாவது: வாரியம் இந்த வாரம் எழுத்தில் கொடுத்திருக்கிறது. கிளினிக்கை மூடும் திட்டத்தைக் கைவிடுகிறார்கள். காலை நேரில் வருகிற மணி நேரம் ஜூலையில் தொடங்கும். நர்ஸ் வாரத்துக்கு இரண்டு நாள்.

மூன்றாவது: டாக்டர் இரண்டு பேர் கேட்டோம். ஒருவர்தான், அதுவும் செப்டம்பரில். மீதிப் பேர் எங்கே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கப் போகிறேன். கேள்வி கேட்கத் தலைவர் நாற்காலி தேவையில்லை, கையைத் தூக்கினால் போதும். நேற்று முதல் தடவை கேட்டேன். வாரியத்து ஆள் என் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அடுத்த கூட்டத்திலும் விடுவார்.

ஜானிஸ்

*

ஸ்கெல்விக்
11 அக்டோபர் 2017

அன்புள்ள ஜானிஸ்,

திங்கட்கிழமை நோரீனுடைய வலது குதிகாலில் ஒரு கொப்புளம். நான்தான் பார்த்தேன். அவளிடம் சொல்லாமல் கோட்டை எடுத்து மாட்டிவிட்டேன். "எங்கடா கூட்டிட்டுப் போற, டீ குடிக்கக்கூட விடாம?" என்று வழியெல்லாம் கத்தினாள்.

கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். அதில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டவர்கள். யாரும் போனைப் பார்க்கவில்லை. அடேயெமி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "நோரீன்" என்று கூப்பிட்டாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது, இப்போது மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் போல. புதிதாக வந்த டாக்டர் பக்கத்து அறையில் இன்னொருவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

குதிகாலைப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். நர்ஸ் சுத்தம் செய்து கட்டுப் போட்டாள். செருப்பை மாற்றச் சொன்னாள். வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னாள். உள்ளே போனதிலிருந்து வெளியே வந்தது வரை நாற்பது நிமிடம்.

வீட்டுக்கு வந்தோம். ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். இன்று புதன்கிழமை. ஜுரம் இல்லை, வீக்கம் இல்லை, ஒன்றும் இல்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அடுத்த கூட்டத்தில் மீதி டாக்டர்களைக் கேட்பதற்கு முன்னால் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டு. வாசித்துவிட்டுக் கையைத் தூக்கு.

உன் அண்ணன்,
நெவில்